பட்டறை வயரிங்: நியூட்ரலும் எர்த்தும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் லேத் பட்டறைகளுக்கும் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளுக்கும் வயரிங் செய்வது என் பிழைப்பு. போகிற இடத்திலெல்லாம் நியூட்ரல், எர்த் பற்றி ஒரே மாதிரி கேள்விகள் வருகின்றன. கேட்பவர்களில் முதலாளிகளும் உண்டு, வேலை பழகும் பையன்களும் உண்டு, பல வருஷம் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களும் உண்டு. அவர்கள் கேட்டதையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் தொட்டால் ஷாக் அடிப்பதில்லையே?

நியூட்ரல் வேலை செய்கிற கம்பி. பேஸில் (கரண்டைக் கொண்டுவரும் கம்பி) வந்த கரண்ட் மோட்டாரையோ லைட்டையோ ஓட்டிவிட்டுத் திரும்பிப் போகும் வழி அது. மெஷின் ஓடும் நேரமெல்லாம் அதில் கரண்ட் இருக்கும்.

எர்த் சும்மா இருக்க வேண்டிய கம்பி. மெஷின் நல்லபடியாக ஓடும் வரை அதில் கரண்ட் போகவே கூடாது. என்றாவது ஒருநாள் மோட்டார் காயில் எரிந்து பேஸ் பாடியில் பட்டால், அந்தக் கரண்டை வாங்கிக்கொண்டு போய் சப்ளையை ஆஃப் செய்ய வைப்பது அதன் வேலை.

"நியூட்ரலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது" என்பதை நம்பாதீர்கள். முழுசாக இருக்கும் நியூட்ரலில் சில வோல்ட்தான் இருக்கும், உண்மைதான். அதே நியூட்ரல் வழியில் எங்கேயாவது விட்டுப்போனால், மெஷின் பக்கம் இருக்கும் முனையில் 230 வோல்ட் வந்து நிற்கும்.

டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்? அங்கே சேரலாம், என் பட்டறையில் சேரக் கூடாதா?

கேள்வி சரியானது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11 கேவி அல்லது 22 கேவியை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதன் ஸ்டார் பாயின்ட்டை (மூன்று பேஸ் காயில்களும் ஒன்று சேர்ந்து நியூட்ரல் பிறக்கும் இடம்) ஈ.பி.காரர்களே எர்த் செய்திருப்பார்கள். அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்.

அங்கிருந்து உங்கள் மீட்டருக்கு நியூட்ரல் ஒரு கம்பியாக வருகிறது. கம்பி என்றால் அதற்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு. கரண்ட் ஓடினால் வோல்டேஜ் உண்டாகும். பட்டறைக்குள் மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் ரெசிஸ்டன்ஸ். டி.பி.யிலிருந்து (வயர்கள் எல்லாம் பிரிந்து போகும் டிஸ்ட்ரிபியூஷன் பெட்டி) கடைசி சாக்கெட் 30 மீட்டர் என்றால் 0.22 ஓம். அதில் 10 ஆம்பியர் போனால், சாக்கெட்டில் இருக்கும் நியூட்ரல் டி.பி. நியூட்ரலை விட 2.2 வோல்ட் மேலே நிற்கும். அந்த முனையில் எர்த்தைச் சேர்த்தால் மெஷின் பாடியும் 2.2 வோல்ட் மேலே போகும். திரும்பும் கரண்டில் ஒரு பங்கு பச்சை எர்த் வயரிலும், லேத் பெட்டிலும் (லேத்தின் அடிப்பாகம்), ஷெட் பைப்பிலும் இறங்கி ஓட ஆரம்பிக்கும்.

2.2 வோல்ட் யாரையும் கொல்லாது. ஆனால் அது எல்லாக் கம்பிகளும் முழுசாக இருக்கும்போது வரும் கணக்கு. நியூட்ரல் ஒரு இடத்தில் அறுந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

எங்கள் சுவருக்கு எர்த் வயர் வரவில்லை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுவிட்டார்கள். தப்பா?

பெரிய தப்பு. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்லியாக வேண்டும்.

ஒரு பட்டறையில் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் டிரில்லிங் மெஷின். சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட். கன்ட்யூட்டில் இரண்டு வயர்தான் வந்திருந்தது. போட்டவர் நியூட்ரல் டெர்மினலிலிருந்து மேலே எர்த் டெர்மினலுக்கு இரண்டு அங்குலப் பச்சை வயர் ஒன்றை வளைத்துக் கொடுத்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிந்தது. பல மாதம் மெஷின் நன்றாக ஓடியது.

ஒருநாள் மெஷின் நின்றுவிட்டது. ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் ஸ்க்ரூ லூஸாகி, நியூட்ரல் கருகி விட்டுப்போயிருந்தது. பையன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான், ஓடவில்லை. கரண்ட் இல்லை என்று நினைத்து, ஒரு கையால் டிரில் மெஷினின் தூணைப் பிடித்துக்கொண்டு பெல்ட் கவரைத் திறக்கப் போனான்.

கரண்ட் இருந்தது. பேஸ் மோட்டார் காயில் வழியாக நியூட்ரல் டெர்மினலுக்கு வந்து நின்றது. மேலே போக வழியில்லை. அந்த இரண்டு அங்குலப் பச்சை வயர் அதை எர்த் பின்னுக்குக் கொடுத்தது, எர்த் பின் மெஷின் பாடிக்குக் கொடுத்தது. மெஷின் முழுக்க 230 வோல்ட். கரண்ட் எங்கும் ஓடாததால் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக ஆஃப் ஆகும் ஸ்விட்ச்) அசையவே இல்லை. பையன் காலில் ரப்பர் செருப்பு இருந்தது, தரை காய்ந்திருந்தது, தூக்கி எறிந்ததோடு போயிற்று. உள்ளங்கையில் இரண்டு கருத்த புள்ளிகளை அவன் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மெஷின் ஓடவில்லை என்றால் கையை வைத்துப் பார்ப்பது மனிதரின் இயல்பு. இந்தத் துண்டு வயர் சரியாக அந்த நேரத்தில்தான் பாடியில் கரண்டை ஏற்றுகிறது. மூன்று பின் சாக்கெட் என்றால் டி.பி. எர்த் பாரிலிருந்து (எர்த் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) மூன்றாவது வயர் வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் இழுங்கள், அல்லது அந்தச் சாக்கெட்டை மூடி வையுங்கள்.

சரி, எர்த் பிட் நன்றாகவே போட்டிருக்கிறேன். கரி, உப்பு, பைப் எல்லாம் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இது பலருக்கும் வியப்பாக இருக்கும், அதனால் எண்களோடு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சாதாரணத் தாழ்வழுத்த இணைப்பில் ஈ.பி. நமக்குக் கொடுப்பது பேஸும் நியூட்ரலும். எர்த் நாமே குழி தோண்டிப் போடுவது. உங்கள் குழி 4 ஓம் என்று வையுங்கள், அது நல்ல குழிதான். டிரான்ஸ்பார்மர் எர்த் 1 ஓம். லேத் மோட்டாரில் பேஸ் பாடியில் பட்டால் கரண்ட் மண் வழியாகத்தான் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர்.

அந்த லைனில் இருப்பது 32 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. அது உடனே டிரிப் ஆக 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது பல நிமிடங்கள் சும்மா இருக்கும். அத்தனை நேரமும் லேத் பாடியில் 46 பெருக்கல் 4, அதாவது 184 வோல்ட் இருக்கும். எர்த் பிட் இருந்தும்தான் இந்த நிலைமை.

இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர், "எர்த்தை நியூட்ரலோடு சேர்த்தால் கரண்ட் அதிகமாகி டிரிப் ஆகும்" என்று மெயினில் சேர்க்கிறார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. அன்றைக்கு அந்த லைனில் இருக்கும் பக்கத்துப் பட்டறைகளின் திரும்பு கரண்டும் உங்கள் நியூட்ரல் வழியாக உங்கள் எர்த் பாருக்கு வந்து உங்கள் குழியில் இறங்கும். குழி வெயிலில் காய்ந்து 20 ஓம் ஆகியிருந்தால் உங்கள் மெஷின்கள் எல்லாவற்றிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறுவது சாதாரணம். கோளாறு எங்கோ தெருவில், ஷாக் உங்கள் லேத்தில்.

சரியான வழி ஆர்.சி.சி.பி. போடுவது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், சமமில்லை என்றால் விழுந்து சப்ளையை வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு 46 ஆம்பியர் என்பது மலை. ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். கையால் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், ஹேண்ட் டிரில் போகும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் போடுங்கள். நிலையான பெரிய மெஷின் லைனுக்கு 100 அல்லது 300 போடலாம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) உள்ள த்ரீ பேஸ் மெஷினுக்கு பி டைப் ஆர்.சி.சி.பி. பற்றிக் கேட்டு வாங்குங்கள், சாதாரண ஏ.சி. டைப் டி.சி. கசிவைச் சரியாகப் பார்க்காது.

டி.பி.க்குள் இதை எப்படிப் பிரித்து வைப்பது?

நியூட்ரலுக்கு ஒரு பார், எர்த்துக்கு ஒரு பார். நியூட்ரல் பார் பிளாஸ்டிக் இன்சுலேட்டரின் மேல் உட்கார்ந்திருக்கும், டி.பி. பெட்டியின் தகரத்தைத் தொடாது. எர்த் பார் நேராகத் தகரத்தில் முறுக்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் எந்தத் துண்டுக் கம்பியும் இருக்கக் கூடாது.

இரண்டு ஆர்.சி.சி.பி. இருந்தால் நியூட்ரல் பாரும் இரண்டு வேண்டும். முதல் ஆர்.சி.சி.பி.யின் பேஸில் போன லைட்டுக்கு இரண்டாவதன் நியூட்ரல் பாரிலிருந்து கடன் வாங்கினால் இரண்டுமே விழும். ஒரு டெர்மினலில் ஒரு வயர்தான். நாலைந்து நியூட்ரலை முறுக்கி ஒரே ஓட்டையில் திணித்தால், ஆறு மாதத்தில் ஒன்று லூஸாகும்.

எம்.சி.பி. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டேன். அப்படியும் ஆர்.சி.சி.பி. ஆனில் நிற்காமல் விழுகிறது. பழுதா?

பெரும்பாலும் ஆர்.சி.சி.பி. நல்லதாகவே இருக்கும். எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல்கள் எல்லாம் பாரில் இணைந்தபடியே இருக்கின்றன. தெருவிலிருந்து வரும் நியூட்ரலுக்கு மண்ணை விட இரண்டு மூன்று வோல்ட் எப்போதும் இருக்கும். பட்டறைக்குள் ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், 3 வோல்ட்டும் 4 ஓம் குழியும் சேர்ந்து முக்கால் ஆம்பியர் ஓடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எப்படி நிற்கும்?

மெயினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரல் வயர்களை பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு பாருங்கள். எந்த வயர் தொடுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் தேடுங்கள். சாக்கெட் ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கிய வயர், டியூப் லைட் பட்டியின் தகரத்தில் கிழிந்த வயர், இல்லையென்றால் மேலே சொன்ன அந்தத் துண்டு. தயவுசெய்து "சும்மா சும்மா விழுகிறது" என்று ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு ஐசொலேட்டர் (வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச்) போடாதீர்கள். அப்படி எடுத்த இடங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

யூடியூபில் அமெரிக்க எலக்ட்ரீஷியன் ஒரே பாரில் வெள்ளை வயரையும் வெறும் செம்புக் கம்பியையும் முறுக்குகிறாரே?

அவர் காட்டுவது மீட்டரை அடுத்த மெயின் பேனலாக இருக்கும். அமெரிக்க முறையில் வீட்டுக்காரர் எர்த்தும் நியூட்ரலும் அந்த ஒரு பெட்டியில் சேர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அங்கே மின்வாரியமும் அதற்கு ஏற்றபடி நியூட்ரலைக் கொண்டுவருகிறது.

அதே ஆள் கொல்லைப்புறப் பட்டறைக்கு சப் பேனல் போடும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். அங்கே நியூட்ரல் பாரைப் பெட்டியோடு சேர்க்கும் பச்சை பாண்டிங் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டு இரண்டு பாரையும் தனித்தனியாக வைப்பார். தனிக் கட்டடத்துக்கு மூன்று வயர் மட்டும் கொண்டுபோய் அங்கே சேர்த்துக்கொள்ள முன்பு அனுமதி இருந்தது. அவர்கள் மின் விதி நூலின் (என்.இ.சி.) 2008 பதிப்பில் புதிய வேலைகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள், இப்போது நாலு வயர் போக வேண்டும். ஆக, அவர்கள் ஊரிலும் பட்டறைக்குள் பிரித்துத்தான் வைக்கிறார்கள்.

கலர் குழப்பம். வெளிநாட்டு மெஷினில் கறுப்பு வயர் பேஸ் என்கிறார்கள்?

ஆமாம், இதில் கவனம் வேண்டும். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பேஸ், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பிய மெஷினில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல். நம் நியூட்ரல் நிறம் அவர்களுக்குப் பேஸ், நம் பேஸ் நிறம் அவர்களுக்கு நியூட்ரல். அமெரிக்க மெஷினில் வெள்ளை நியூட்ரல், கறுப்பு பேஸ்.

ஒன்றுதான் எங்கும் மாறாதது. பச்சை அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். வயர் தீர்ந்துவிட்டது என்று பச்சையை ஸ்விட்ச் லைனுக்குப் போட்டால், அடுத்து வருபவர் அதை எர்த் என்று நம்பிக் கையை வைப்பார். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினால் நிறத்தை நம்பாமல் டெர்மினல் எழுத்தையும் மீட்டரையும் நம்புங்கள்.

லேத்துக்கு மூன்று பேஸும் எர்த்தும்தான் வந்திருக்கிறது. வொர்க் லேம்புக்கு பேஸும் எர்த்தும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்டார்ட்டர் காயிலுக்கும் இதையே செய்கிறார்கள். லேம்ப் எரியும், காயில் இழுக்கும், வேலை நடக்கும். ஆனால் பச்சை வயரில் நாள் முழுக்க கரண்ட் ஓடும். ஒருநாள் எர்த் வயர் லக்கில் (வயர் முனையில் மாட்டும் வளையம்) அறுந்தால் லேம்பின் இழை வழியாக 230 வோல்ட் லேத் பெட்டுக்கு வந்துவிடும்.

நாலாவது வயராக நியூட்ரல் இழுங்கள். அல்லது இரண்டு பேஸிலிருந்து ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வைத்து 24 வோல்ட் லேம்ப் போடுங்கள். கூலன்ட் தெறிக்கும் இடத்தில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) சர்வீஸ் இன்ஜினியர் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் மெஷினை ஆன் செய்வேன் என்கிறார். எங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டையும் சேர்த்து ஜீரோ காட்டிவிட்டார்.

காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை ஐஸில் வைத்த மாதிரி. இன்ஜினியர் அந்த வோல்டேஜைக் கேட்பது, நியூட்ரல் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். சேர்த்துவிட்டால் மீட்டரில் ஜீரோ வரும், மெஷினின் எர்த்தில் கரண்ட் ஓடும். விலை உயர்ந்த கன்ட்ரோல் கார்டுகளின் சிக்னல் எல்லாம் அந்த எர்த்தைத்தான் ஆதாரமாக வைத்திருக்கிறது.

வோல்டேஜ் ஏன் அதிகம் என்று தேடுங்கள். நீளமான ஒல்லி நியூட்ரல், எங்கோ ஒரு லூஸ் லக், சிங்கிள் பேஸ் லோடு முழுவதையும் ஒரே பேஸில் கொடுத்திருப்பது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர் மாதிரி எலக்ட்ரானிக் லோடு நிறைய இருந்தால் மூன்று பேஸும் சமமாக இருந்தும் நியூட்ரலில் கரண்ட் சேரும். அதனால் நியூட்ரலைப் பேஸை விட ஒல்லியாகப் போடவே கூடாது.

இதெல்லாம் சரி செய்தும் குறையவில்லை என்றால் மெஷினுக்கு அருகில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வையுங்கள். அதன் செகண்டரி ஒரு புதிய சப்ளை. அங்கே பிறக்கும் நியூட்ரலை அந்த ஒரு இடத்தில் எர்த்தோடு சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். அதற்கப்புறம் அந்த நியூட்ரல் பட்டறையின் பழைய நியூட்ரலைத் தொடவே கூடாது.

மெஷின் பாடியை லேசாகத் தொட்டால் கிள்ளுகிறது. டெஸ்டரும் எரிகிறது. பழுதா?

வி.எஃப்.டி., கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர் இவற்றின் ஃபில்டரில் பேஸிலிருந்து பாடிக்கும் நியூட்ரலிலிருந்து பாடிக்கும் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் இறங்கிவிடும். எர்த் விட்டுப்போயிருந்தால் பாடி ஏறத்தாழ பாதி வோல்டேஜில், 115 வாக்கில், மிதக்கும். கிள்ளுகிறது என்றால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். எர்த் நன்றாக இருந்தும் கிள்ளினால் இன்சுலேஷன் கோளாறு, மெஷினை நிறுத்திவிடுங்கள்.

வெல்டிங் செட்டின் எர்த் கிளாம்பும் இந்த எர்த்தும் ஒன்றா?

இல்லவே இல்லை. நாம் எர்த் கிளாம்ப் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் வந்த வினை. அது வெல்டிங் கரண்ட் செட்டுக்குத் திரும்பும் வழி. 150 ஆம்பியர் அதில் போகும்.

ஜாப் (வெல்ட் வைக்கும் பொருள்) லேத்தைத் தொட்டபடி இருக்கிறது, கேபிள் எட்டவில்லை, கிளாம்பை ஷெட் தூணில் மாட்டிவிட்டு வெல்ட் வைக்கிறார்கள். அந்த 150 ஆம்பியர் தூணுக்கு எப்படிப் போகும்? ஜாபிலிருந்து லேத் பெட், பெட்டிலிருந்து பச்சை வயர், எர்த் பார், அங்கிருந்து தூண். 2.5 ஸ்கொயர் பச்சை வயரின் பி.வி.சி. கன்ட்யூட்டுக்குள் உருகி ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பிய்த்து எடுத்திருக்கிறேன். வெளியே எதுவும் தெரியாது. லேத்துக்கு எர்த் போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது. ஷாஃப்ட்டில் வெல்ட் வைத்து கிளாம்பை பாடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

கிளாம்ப் ஜாபிலேயே, வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வெல்டிங் செட்டின் பாடிக்குத் தனியாகப் பச்சை வயர்.

ஜெனரேட்டர் இருக்கிறது. அதன் நியூட்ரல்?

டீசல் ஜெனரேட்டரும் ஒரு சப்ளை என்பதால் அதன் ஸ்டார் பாயின்ட்டை அங்கேயே எர்த் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் சேஞ்ச் ஓவர் (ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் ஸ்விட்ச்) நாலு போல் ஆக இருக்க வேண்டும், நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். மூன்று போல் போட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டால் ஈ.பி.யில் ஓடும்போதே ஜெனரேட்டர் எர்த் வழியாகக் கரண்ட் கசியும்.

சின்ன போர்ட்டபிள் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கும். அந்த நிலையில் பட்டறையின் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் என்று நம்பாதீர்கள்.

நியூட்ரலுக்கும் ஃபியூஸ் போடலாமா?

வேண்டாம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் மெஷின் நிற்கும், உள்ளே பேஸ் இருக்கும். த்ரீ பேஸ் மெயினில் நியூட்ரல் போனால் இன்னும் மோசம், லோடு குறைந்த பேஸில் இருக்கும் லைட்டும் ஃபேனும் 400 வோல்ட் வரை வாங்கி எரியும். பழைய மெயினில் நியூட்ரலில் கிட்கேட் (பீங்கான் ஃபியூஸ்) இருந்தால் எடுத்துவிட்டு ஃபியூஸ் இல்லாத நேர் லிங்க் போடச் சொல்லுங்கள்.

எர்த் வயர் எவ்வளவு தடிமன்? ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்கு லூப் எடுக்கலாமா?

பேஸ் வயர் 16 ஸ்கொயர் வரை எர்த்தும் அதே அளவு. 16-லிருந்து 35 வரை எர்த் 16 ஸ்கொயர். அதற்கு மேல் பேஸில் பாதி. த்ரீ பேஸ் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது விதி. எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி இரண்டு ஓடுவதை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். இரண்டையும் ஒரே போல்ட்டில் மாட்டினால் அது இரண்டு எர்த் ஆகாது.

லூப் வேண்டாம். நடுவில் உள்ள கம்ப்ரசரைக் கழற்றிச் சர்வீசுக்கு அனுப்பினால் அதற்கு அப்பால் உள்ள மெஷின்களுக்கு எர்த் இருக்காது. பெயின்ட்டின் மேல் லக்கை முறுக்குவதும் எர்த் இல்லாத மாதிரிதான், சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

பேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்பு வைத்தேன், பளிச்சென்று எரிகிறது. எர்த் நல்லதுதானே?

அந்தப் பல்பு பொய் சொல்லும். 100 வாட் பல்புக்கு ஏறத்தாழ 530 ஓம் ரெசிஸ்டன்ஸ். உங்கள் குழி 50 ஓம் என்றாலும், பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், நன்றாகவே எரியும். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரல் துண்டு இருந்தால் இன்னும் அழகாக எரியும். எர்த் டெஸ்டரால் மே மாத வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

என் பட்டறையில் இரண்டும் பிரிந்து இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஓடும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டர்) மெயின் எர்த் வயரில் மாட்டி, எல்லா மெஷினும் ஓடும்போது பாருங்கள். சில மில்லி ஆம்பியர் ஃபில்டர் கசிவு இருக்கலாம். ஆம்பியர் கணக்கில் காட்டினால் எங்கோ நியூட்ரல் கலந்திருக்கிறது. ஒவ்வொரு மெஷினாக நிறுத்திக்கொண்டே வாருங்கள், எதை நிறுத்தும்போது குறைகிறதோ அந்தப் பக்கம் தேடுங்கள்.

முழுச் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வரச் சொல்லுங்கள். மெயின் ஆஃப், சப்ளை இல்லை என்று மீட்டரில் உறுதி, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். பிளக்குகள், வி.எஃப்.டி., கம்ப்யூட்டர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் நடுவில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. உள்ளே வரும் மெயின் நியூட்ரலும் பிரிந்திருக்க வேண்டும். பிரிக்காமல் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் வழியாகச் சுற்றி வந்து சில ஓம் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து பட்டறை முழுக்கத் தோண்டியவர்கள் உண்டு. சப்ளை இருக்கும்போது மட்டும் மெயின் நியூட்ரலைக் கழற்றவே கூடாது.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். அது விழுந்தால் ஆர்.சி.சி.பி. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

தேடியதில் சாக்கெட்டில் அந்தத் துண்டு வயரைக் கண்டுபிடித்துவிட்டேன். உடனே வெட்டிவிடலாமா?

முதலில் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, டி.பி.யில் அந்த எம்.சி.பி.யை ஆஃப் செய்து, "போடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். பட்டறையில் எல்லோருக்கும் வாயாலும் சொல்லிவிடுங்கள், எழுதி ஒட்டியதை யாரும் படிக்க மாட்டார்கள்.

துண்டை எடுத்துவிட்டு மெஷினை அப்படியே ஓட்டினால் அதற்கு எர்த்தே இல்லை. அதனால் டி.பி. எர்த் பாரிலிருந்து சாக்கெட் வரை புதிய பச்சை வயர் இழுத்து, துண்டை எடுத்து, எர்த் பின்னிலிருந்து பார் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகு மெஷினை ஓட்டுங்கள். ஒரு சாக்கெட்டில் துண்டு இருந்தால், அதே ஆள் போட்ட மற்ற சாக்கெட்டுகளையும் அன்றைக்கே திறந்து பாருங்கள். நான் டிரில்லிங் மெஷின் பட்டறையில் திறந்து பார்த்தபோது இன்னும் நாலு சாக்கெட்டில் அதே இரண்டு அங்குலப் பச்சை வயர் இருந்தது.